ஆறு எபிசோடில் ஒரு கல்யாணம்: பிரிட்டிஷ் காதல் சிட்காமின் முதல் சீரிஸைப் பார்ப்பது எப்படி?

சிட்காம் நகரக் கூடாது. காதல் கதை நகராமல் இருக்கக் கூடாது. காதல் சிட்காம் எழுத உட்காருகிறவர்களின் தலைவலி மொத்தமும் இவ்வளவுதான்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். சிட்காம் என்றால் அதே ஆட்கள், அதே இடம், வாரத்துக்கு ஒரு வில்லங்கம். அரை மணி நேரத்தில் வில்லங்கம் முற்றி, வெடித்து, எல்லாரும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். ஜான் கிளீஸின் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு வாரமும் அந்த ஓட்டல் முதலாளி மானம் கப்பலேறி நிற்பார். அடுத்த வாரம் எதுவுமே நடக்காத மாதிரி அதே கவுண்டரில் அதே எரிச்சலோடு நிற்பார். அவர் ஒரு முறை திருந்திவிட்டால் கதை முடிந்தது.

காதல் அப்படியா? இரண்டு பேர் சந்தித்தால் அடுத்து ஏதாவது ஆக வேண்டும். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பார்க்கிறவர் எழுந்து போய்விடுவார். சேர்ந்துவிட்டாலும் கதை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழக்கமாக ஒரு வருஷத்துக்கு 20, 22 எபிசோடு எடுத்தாக வேண்டும் என்பதால், சேர்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். புதிதாக ஒரு காதலன் வருவான், ஒரு தவறான புரிதல் வரும், வெளியூரில் ஒரு வேலை வரும். மெகா சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே ஒரு சீரிஸ் (நாம் சீசன் என்கிறோமே, அதுதான்) என்றால் பெரும்பாலும் ஆறு எபிசோடுதான். அறை நிறைய எழுத்தாளர்களை உட்கார வைத்து எழுதுவது அங்கே வழக்கமாக இருந்ததில்லை. ஒருவரோ இருவரோ சேர்ந்து எல்லா எபிசோடையும் தாங்களே எழுதுவார்கள். ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, மொத்தம் 12. கிளீஸும் கோனி பூத்தும் மட்டுமே எழுதினார்கள். அதோடு நிறுத்தியும்விட்டார்கள். அப்புறம், அடுத்த சீரிஸ் கிடைக்குமா என்பது முதல் சீரிஸ் எழுதும்போது யாருக்கும் தெரியாது. அதனால் ஆறாவது எபிசோடு முடியும்போது கதை முடிந்த மாதிரியும் இருக்க வேண்டும், ஒரு கதவு லேசாகத் திறந்தும் இருக்க வேண்டும். காதல் சிட்காமின் முதல் சீரிஸைப் பார்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இலக்கணம் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒட்டாது. ஒரே ஒரு சீரிஸை எடுத்துக்கொள்வோம். என் தேர்வு ‘கேவின் அண்ட் ஸ்டேசி’. 2007 மே மாதம் பிபிசி த்ரீயில் தொடங்கியது. அப்போது பிபிசி த்ரீ என்பது இளைஞர்களுக்கென நடத்தப்பட்ட ஒரு சின்ன டிஜிட்டல் சேனல். எழுதியவர்கள் ஜேம்ஸ் கார்டன், ரூத் ஜோன்ஸ். இருவரும் ‘ஃபேட் ஃபிரண்ட்ஸ்’ என்ற ஐடிவி நாடகத்தில் சேர்ந்து நடித்தபோது பழக்கமானவர்கள். இதிலும் இருவரும் நடிக்கிறார்கள், ஆனால் கேவினாகவும் ஸ்டேசியாகவும் அல்ல. அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன். (முதல் சீரிஸின் கதையை இனி வெளிப்படையாகப் பேசப்போகிறேன். ஒன்றும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

கதை ஒரு வரிதான். கேவின் ஷிப்மன் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பில்லரிக்கி என்ற ஊர்க்காரன். ஸ்டேசி வெஸ்ட் என்பவள், வேல்ஸில் கடலோரத்தில் இருக்கும் பேரி என்ற ஊர்க்காரி. இருவரும் அலுவலக வேலையாகப் போனில் பேசத் தொடங்கி, மாதக்கணக்கில் பேசி, நேரில் பார்க்காமலே காதலில் விழுந்திருக்கிறார்கள். சீரிஸ் தொடங்கும்போது முதல் முறையாக லண்டனில் சந்திக்கப் போகிறார்கள்.

இங்கேதான் இந்த சீரிஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்கிறது. மற்றவர்கள் ஆறு எபிசோடு இழுக்கும் கேள்வியை, அதாவது இருவரும் சேருவார்களா மாட்டார்களா என்பதை, முதல் அரை மணி நேரத்திலேயே தீர்த்துவிடுகிறது. லெஸ்டர் ஸ்கொயர் கூட்டத்துக்கு நடுவே இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறார்கள். போனில் பேசிய ஆள் நேரில் வேறு மாதிரி இருந்துவிடுவாரோ என்ற பயம் இருவருக்கும் இருக்கிறது. அந்தப் பயம் பார்த்த மாத்திரத்தில் போய்விடுகிறது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தத் தவறான புரிதலும் இல்லை, குறுக்கே வரும் மூன்றாம் ஆளும் இல்லை.

முதல் முறை பார்க்கிறவருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: சரி, மீதி ஐந்து எபிசோடுக்கு என்ன செய்வார்கள்?

இதற்குப் பதில் அந்தக் கதை பிறந்த விதத்தில் இருக்கிறது. கார்டனும் ஜோன்ஸும் முதலில் நினைத்தது சீரிஸ் அல்ல. ஒரு கல்யாண நாளைப் பற்றிய தனி நாடகம், ஒரே ஒரு நிகழ்ச்சி. பிபிசி தரப்பில்தான் அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய கதையை எழுதச் சொன்னார்கள். அதாவது எழுதத் தொடங்கும்போதே அவர்கள் கையில் கல்யாணம் இருந்தது, அங்கே வந்து நிற்கப்போகும் ஆட்களும் இருந்தார்கள். யார் எங்கே உட்காருவார்கள், யார் குடித்துவிட்டு உளறுவார்கள், யார் அழுவார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு பின்னோக்கிப் போய், இவர்கள் எப்படி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறாவது எபிசோடில் கல்யாணம் நடக்கிறது. அது நடக்குமா என்று நாம் பதறுவதில்லை. அந்த நாளுக்குள் இந்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று எப்படிச் சமாளிக்கப் போகின்றன என்றுதான் பார்க்கிறோம்.

ஆக, மீதி ஐந்து எபிசோடு சம்பந்திகளின் கதை. இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

கேவினின் அம்மா பேம், அப்பா மிக். அலிசன் ஸ்டெட்மனும் லாரி லாம்பும் நடித்திருக்கிறார்கள். பேமுக்கு மகன் இன்னும் ‘குட்டி இளவரசன்’தான். கூச்சல், பாசம், பொய், அழுகை எல்லாம் அவருக்கு ஒரே மூச்சில் வரும். மிக் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிப் பிரச்சினையை முடிக்கிற ரகம். அந்தப் பக்கம் ஸ்டேசியின் அம்மா க்வென். யார் வீட்டுக்குள் காலடி வைத்தாலும் ஆம்லெட் வேண்டுமா என்று கேட்பார். துக்கமோ சந்தோஷமோ அவரிடம் ஆம்லெட்டுக்கு முட்டை உண்டு. எதிர் வீட்டில் ஸ்டேசியின் இறந்துபோன அப்பாவுடைய சகோதரர் பிரின். ராப் பிரைடன் நடித்த இந்தப் பாத்திரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு வியப்பு. ஒரு சாதாரண மின்சாதனத்தைக்கூட நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள் என்பது போல விளக்குவார். அண்ணன் மகளுக்கு அப்பா இடத்தில் நிற்க வேண்டிய பொறுப்பை அவர் அளவுக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்கிறார். அதில் சிரிப்பும் இருக்கிறது, கொஞ்சம் தொண்டை அடைப்பதும் இருக்கிறது.

இந்த இரண்டு வீட்டையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால் வில்லங்கம் தானாக வரும். பேமின் சைவ நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மருமகள் வீட்டாரின் முன்னால் தான் சைவம் என்று ஒரு பொய் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு அதைக் காப்பாற்றியாக வேண்டும். எல்லாரும் இறைச்சியைச் சாப்பிட, பேம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் இல்லாத நேரம் பார்த்து வாயில் போட்டுக்கொள்வார். பொய் சின்னது, அதனால் கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் புது சம்பந்தியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும், அதே சமயம் ஒரு படி மேலேயும் தெரிய வேண்டும் என்கிற பேமின் மனசு முழுதும் அதில் தெரிந்துவிடுகிறது. நகராத சிட்காமும் நகரும் காதலும் உடன்படுகிற இடம் இதுதான். ஜோடியின் காதல் நிச்சயம், மோதிரம், கல்யாணம் என்று முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. குடும்பத்தார் அப்படியே இருக்கிறார்கள். பேம் பேமாகவே இருக்கிறார், க்வென் ஆம்லெட் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்னொரு தடை தூரம். பில்லரிக்கிக்கும் பேரிக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். நமக்கு இது பெரிய தூரமாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் தடை கிலோமீட்டரில் இல்லை. லண்டனை ஒட்டிய எஸ்ஸெக்ஸில் வாழ்கிறவருக்கு வேல்ஸ் என்பது செவர்ன் ஆற்றைத் தாண்டிய வேறு நாடு. பேச்சு வேறு, பழக்கம் வேறு, ரக்பியில் எதிரணி. போதாக்குறைக்கு அப்போது ஆற்றுப் பாலத்தில் வேல்ஸுக்குள் போகிற பக்கம் மட்டும் சுங்கம் வாங்கினார்கள். திரும்பி வரும்போது இலவசம். 2018 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போக கேவின் காசு கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது என்ற கேள்வி முதல் சீரிஸில் ஓரமாகத்தான் கேட்கும். அதைக் கவனித்து வையுங்கள், பின்னால் அதுதான் பெரிதாகும். ஒரு கொசுறு: பேரியில் ஸ்டேசியின் வீடு நிஜமான டிரினிட்டி தெருவில் எடுக்கப்பட்டது, எஸ்ஸெக்ஸ் என்று நாம் நம்பிப் பார்க்கும் கேவினின் வீடும் வேல்ஸில் பேரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது அந்த எழுத்தாளர்கள் இருவரும் எங்கே என்று பார்ப்போம். கார்டன் கேவினின் நண்பன் ஸ்மித்தி. ஜோன்ஸ் ஸ்டேசியின் தோழி நெஸ்ஸா. ஸ்மித்தி சத்தமான ஆள், சாப்பாட்டு ராமன், கேவினை யாருடனும் பங்குபோட மனமில்லாதவன். நெஸ்ஸா பேரி ஐலண்டில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் உள்ள கூடத்தில் வேலை செய்பவள். கறுப்பு உடை, அசையாத முகம், கட்டைக் குரல். அவள் பார்க்காத வேலை இல்லை, பழகாத பிரபலம் இல்லை. அதையெல்லாம் அவள் வானிலை சொல்வது போலச் சொல்வாள். லண்டன் சந்திப்புக்கு இருவரும் துணைக்கு வருகிறார்கள். ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது. அன்று ராத்திரியே ஒரே படுக்கையில் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை இந்த சீரிஸின் உண்மையான காதல் கதை இவர்களுடையதுதான். தலைப்பில் இருக்கும் ஜோடிக்குக் காதல் கைகூடிவிட்டது; ‘சேருவார்களா’ என்ற பழைய கேள்வியை எழுத்தாளர்கள் தூக்கி எறியவில்லை, ஓரத்தில் நிற்கும் இந்த ஜோடியிடம் கொடுத்துவிட்டார்கள். அதுவும் இருவருமே அதைக் காதல் என்று ஒப்புக்கொள்ளாத ஜோடியிடம். கல்யாண எபிசோடு முடிவதற்குள் நெஸ்ஸா கர்ப்பம் என்று நமக்குத் தெரிகிறது. முன்பு சொன்னேனே, லேசாகத் திறந்த கதவு என்று, அது இதுதான். தலைப்பு ஜோடியின் கதை முடிந்தது, நிம்மதியாக எழுந்து போகலாம். அடுத்த சீரிஸ் கிடைத்தால் அதற்கான கதையும் தயார். கிடைத்தது. 2008-இல் இரண்டாவது சீரிஸ், 2009-இல் மூன்றாவது. அப்புறம் பத்து வருஷ இடைவெளி விட்டு 2019 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோடு, 2024 கிறிஸ்துமஸுக்கு நிறைவு எபிசோடு. சின்ன சேனலில் தொடங்கிய கதையின் முடிவை அன்று ராத்திரி மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். இத்தனை வருஷத்துக்கும் மொத்தம் 22 எபிசோடுதான். ஸ்மித்தி, நெஸ்ஸா என்ன ஆனார்கள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

முதல் சீரிஸில் கேவின், ஸ்டேசி இடையே பிரச்சினையே இல்லையா என்றால், உண்டு. ஸ்டேசி இதற்கு முன் ஐந்து முறை நிச்சயதார்த்தம் வரை போனவள். கேவினிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. கல்யாணம் நெருங்கும்போது வெளியே வருகிறது. மற்ற கதைகளில் இது வில்லன் வேலை பார்க்கும்; இங்கே அது முழுக்க ஸ்டேசியின் குணத்திலிருந்தே வருகிறது. யாரையும் சட்டென்று நம்பி, முழு மனசோடு விழுகிறவள் அவள். கேவினிடம் விழுந்ததும் அப்படித்தானே? அவனுக்குக் கோபம் வருவதும் நியாயம், அவள் பயந்ததும் நியாயம். சிரிப்புக்கு நடுவே இந்த சீரிஸ் கொஞ்ச நேரம் சிரிப்பை நிறுத்துகிறது. ஸ்டூடியோ ரசிகர்களின் சிரிப்பொலி இதில் கிடையாது என்பதால் அந்த மௌனம் உறுத்தாமல் பொருந்துகிறது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பேச்சு. எஸ்ஸெக்ஸ் உச்சரிப்பு ஒரு மாதிரி, தெற்கு வேல்ஸ் உச்சரிப்பு இன்னொரு மாதிரி. நெஸ்ஸா பேசுவது வேறொரு மாதிரி. சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். யாரைப் பார்த்தாலும் நெஸ்ஸா கேட்கும் ‘வாட்ஸ் அக்கரிங்’ என்பது ‘என்ன விசேஷம்’ மாதிரி. ‘டைடி’ என்றால் பிரமாதம். ‘லஷ்’ என்றாலும் அதேதான்.

அடுத்தது, பொறுமை. முதல் எபிசோடில் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆம்லெட் முதல் முறை கேட்கும்போது வெறும் ஆம்லெட்தான். நாலாவது முறை க்வென் வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் சிரித்துவிடுவோம். இந்த வகை நகைச்சுவை ஆட்கள் பழகப் பழகத்தான் ஏறும். பிரினுக்கும் ஸ்டேசியின் சகோதரன் ஜேசனுக்கும் நடுவே ஒரு மீன்பிடிப் பயணத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தப் பேச்சு வந்தாலே இருவரும் நெளிவார்கள். என்ன நடந்தது என்று பார்வையாளரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. காத்திருந்து ஏமாறாதீர்கள், அந்த நெளிவுதான் நகைச்சுவை.

பெயர்களிலும் ஒரு குறும்பு உண்டு. ஷிப்மன், வெஸ்ட், அப்புறம் பேம் தம்பதியின் நண்பர்களான எப்போதும் சண்டை போடும் ஜோடியின் குடும்பப் பெயர் சட்கிளிஃப். மூன்றுமே பிரிட்டனை நடுங்க வைத்த தொடர் கொலைகாரர்களின் பெயர்கள். பிரிட்டிஷ் பார்வையாளர் பலரே தாமதமாகக் கவனித்த விஷயம் இது. இவ்வளவு இதமான கதைக்குள் இப்படி ஒன்றை ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்தால், அந்த இருவரும் எழுதும்போது எவ்வளவு சிரித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

இது ஒரு வழி மட்டுமே. அதே ஆறு எபிசோடை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2001-இல் வந்த பிரிட்டிஷ் ‘தி ஆஃபீஸ்’ காதலை மூலையில் வைத்தது. அங்கே வேலை பார்க்கும் டிம்மும் வரவேற்பாளர் டானும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து, அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்பதால், மனசில் இருப்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே இருப்பார்கள். பார்வைதான் கதை. சேனல் 4-இல் 2015-இல் வந்த ‘கடாஸ்ட்ரஃபி’ நேர் எதிர்: லண்டன் வந்த அமெரிக்கன் ஒருவனும் ஒரு ஐரிஷ் பெண்ணும் சில நாள் பழகுகிறார்கள், அவள் கர்ப்பமாகிறாள், காதலிப்பது அதற்குப் பிறகுதான். இன்னும் பழையது வேண்டுமென்றால் 1983-இல் தொடங்கிய ‘ஜஸ்ட் குட் ஃபிரண்ட்ஸ்’. கல்யாண நாளில் பெண்ணைக் கைவிட்டு ஓடியவன் சில வருஷம் கழித்து அவளை மறுபடி சந்திப்பதில் அந்தக் கதை தொடங்கும். காதலின் எந்தக் கட்டத்தில் கதையைத் தொடங்குவது என்பதில்தான் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள். பார்க்கத் தொடங்கும்போது அதை மட்டும் கவனித்தாலே, எங்கிருந்து சிரிப்பு வரப்போகிறது என்பது பாதி பிடிபட்டுவிடும்.

ஆறு என்ற அளவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு உதாரணங்கள் உண்டு. ஸ்டீவன் மாஃபட் எழுதி 2000-இல் பிபிசியில் வந்த ‘கப்ளிங்’கை 2003-இல் என்பிசி மறுஆக்கம் செய்தது, நாலு எபிசோடு ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். ‘கேவின் அண்ட் ஸ்டேசி’யை ஃபாக்ஸ் நிறுவனம் ‘அஸ் அண்ட் தெம்’ என்ற பெயரில் எடுத்தது. 13 எபிசோடுக்குத் திட்டமிட்டு, ஏழோடு நிறுத்தி, அந்த ஏழையும் தன் சேனலில் ஒளிபரப்பவே இல்லை. இரண்டுக்கும் காரணம் எபிசோடு எண்ணிக்கை மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ‘தி ஆஃபீஸ்’ அமெரிக்காவுக்குப் போய் 200 எபிசோடு தாண்டி ஓடியிருக்கிறதே. ஆனால் அங்கே ஆட்கள் தினமும் வந்து உட்கார ஒரு அலுவலகம் இருந்தது. கேவினுக்கும் ஸ்டேசிக்கும் அப்படி ஒரு இடம் இல்லை. இரண்டு வீடு, நடுவே ஒரு நெடுஞ்சாலை, கடைசியில் ஒரு கல்யாணம். மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.